வலைக்குள் ஒரு வீடு - 7: ரவுட்டர் பட்டியலில் இருப்பது யார்?

பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டுங்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களின் உள்பக்கம் திறக்கும். சிலவற்றுக்கு 192.168.0.1. இரண்டும் ஒத்துவராவிட்டால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் கடவுச்சொல்லும் அச்சாகியிருக்கும். உள்ளே போனதும், இப்போது இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் ஒரு பக்கத்தில் இருக்கும். அதை வாசிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த வாரப் பாடம்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு செல்போன், லேப்டாப், டிவி, பிரிண்டர், வாசல் கேமரா, ஏசி, இரண்டு மூன்று ஸ்மார்ட் பிளக் என்று எண்ணினால் பத்தைத் தாண்டிவிடும். வழக்கமான வீட்டு ரவுட்டரின் அமைப்பில் 254 முகவரிகள் உண்டு. எனவே இடம் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த வரி எந்தக் கருவி என்று வீட்டில் யாருக்கும் தெரியாமலிருப்பதுதான் பிரச்சினை.

செல்போன்களும் லேப்டாப்களும் பெரும்பாலும் தங்கள் பெயரைச் சொல்லிவிடும். குழப்புவது சின்னக் கருவிகள்தான். 'எஸ்பிரெசிஃப்' என்று ஒரு வரி இருக்கும். அப்படியொரு பொருளை வாங்கியதாகவே நினைவிருக்காது. பயப்பட வேண்டாம். அது ஷாங்காயைச் சேர்ந்த சிப் நிறுவனம். மலிவு விலை பல்புகள், பிளக்குகள் பலவற்றின் வைஃபை சிப் அவர்களுடையது. ஒவ்வொரு கருவிக்கும் 'மேக்' முகவரி என்று, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 12 இலக்கங்கள் உண்டு. அவற்றில் முதல் ஆறு, தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். பல்பின் அட்டைப்பெட்டியில் எந்த பிராண்டு இருந்தாலும், ரவுட்டருக்குத் தெரிவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிப்பின் நிறுவனப் பெயர்தான்.

செல்போன்களிலும் ஒரு சிக்கல் உண்டு. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து, போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, புனைந்த ஒன்றைக் காட்டுகின்றன. கடை, விமான நிலையம் என்று போகுமிடமெல்லாம் ஒருவரைப் பின்தொடர முடியாமலிருக்கச் செய்த நல்ல ஏற்பாடு இது. அந்த முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, A, E ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அது புனைந்த முகவரி. அநேகமாக யாரோ ஒருவரின் போன்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடாத வரிக்கு, பழைய வழியே சிறந்தது. வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். சில நிமிடம் பொறுத்து, பட்டியலில் எந்த வரி மறைகிறது என்று பாருங்கள். தெரிந்ததுமே 'ஹால் பிளக்', 'மாடிக் கேமரா' என்று பெயர் வைத்துவிடுங்கள். நீங்கள் பட்டியலைப் பார்க்கும் கருவியைத் தவிர எல்லாவற்றையும் அணைத்த பிறகும் வேறொரு வரி நிற்கிறதென்றால் வைஃபை கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள்.

இதற்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு 2016-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைக் காட்டித்தரும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் போன்ற தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் திறக்கவில்லை. தாக்கியவை வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள். மிராய் என்ற தீநிரல் அவற்றை வளைத்திருந்தது. அது பெரிய வித்தை எதையும் காட்டவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளில் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியிலும் வரிசையாக முயன்றது. கேமரா வழக்கம்போலவே படம் காட்டிக்கொண்டிருந்ததால் உரிமையாளர்களுக்குச் சந்தேகமே எழவில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் மிராய் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் அப்படியே இருந்தால் சில நிமிடங்களிலேயே மறுபடி தொற்றிக்கொள்ளும். அதை உருவாக்கிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த நிரல் அதற்கு முன்பே இணையத்தில் வெளியாகிவிட்டது. அதன் வாரிசுகள் இன்னும் உலவுகின்றன.

சில கேமராக்களில் அந்தக் கடவுச்சொல்லை வாங்கியவரால் மாற்றவே முடியவில்லை என்பதுதான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் கதவின் பூட்டை மாற்றும் உரிமை இல்லை. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதை 2024 ஏப்ரல் முதல் பிரிட்டன் சட்டப்படி தடுத்திருக்கிறது. எல்லா நாடுகளிலும் இது வர வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது கெஸ்ட் நெட்வொர்க். ரவுட்டரிலேயே அதற்கான வசதி இருக்கும். அதில் சேரும் கருவிக்கு இணையம் கிடைக்கும். உங்கள் லேப்டாப்பை எட்டிப் பார்க்க வழியிருக்காது. கேமரா, பிளக், பல்பு எல்லாவற்றையும் அங்கே அனுப்பிவிடுங்கள். அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்யும் என்பதால் கெஸ்ட் நெட்வொர்க்கிலும் அது இயங்க வேண்டும். போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புகிறவர்கள் டிவியைப் பிரதான வலையிலேயே விடலாம், பிரிண்டரும் அப்படித்தான். ரவுட்டரில் 'யுபிஎன்பி' என்ற வசதி இயங்கினால் நிறுத்திவிடுங்கள். உங்களைக் கேட்காமலே ஒரு கருவி வெளியுலகுக்குக் கதவு திறந்துகொள்ள அது வழிசெய்கிறது. நிறுத்திய பிறகு சில ஆன்லைன் விளையாட்டுகள் தடுமாறலாம். அந்தச் சிரமம் பரவாயில்லை.

கடைசியாக, பல வீடுகளில் பரணுக்கு அருகே பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் டிவிஆர் என்ற கேமராப் பதிவுப் பெட்டி. தயாரித்த நிறுவனம் புதுப்பிப்பு தருவதை நிறுத்தியிருந்தால், பின்புறமுள்ள நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அதோடு நேரடியாக ஒயரில் இணைந்த கேமராக்களின் பதிவு ஹார்ட் டிஸ்க்கில் வழக்கம்போல் தொடரும். வெளியூரிலிருந்து போனில் பார்க்க முடியாது. கடிகாரமும் மெல்லத் தள்ளிப்போகும்; மாதம் ஒரு முறை சரிபார்த்து வைத்தால் போதும்.

(தொடரும்)