வெள்ளம் வருமுன் கணக்கைக் கரையேற்றுவோம்



2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவைச் சூழ்ந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீடுகளோடு கடைகளும் நீரில் மூழ்கின. போன சரக்கைக் கடன் பட்டாவது மீண்டும் வாங்கிவிடலாம். ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டியது எவ்வளவு, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது எவ்வளவு என்ற கணக்கு போய்விட்டால் அதை எந்தக் கடையில் வாங்குவது?

நம் நாட்டு வருமான வரிச் சட்டப்படி, வணிகக் கணக்குகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். அந்த 7 ஆண்டுக் கணக்கும் கல்லாப் பெட்டிக்குக் கீழே இருக்கும் ஒரே கணினியில் இருந்தால், நம் தொழில் ஒரு முழங்கால் அளவு தண்ணீரை நம்பி நடக்கிறது என்றுதான் பொருள். இந்த ஆபத்தைக் குறைக்கும் எளிய வழிகளில் ஒன்றுதான் மேகக் கணிமை எனப்படும் கிளவுட் கம்பியூட்டிங்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மேகத்தில் எதுவும் மிதப்பதில்லை. தரவு மையம் என்ற பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக இயங்குகின்றன. அவற்றில் நமக்கு வேண்டிய இடத்தை இணையத்தின் வழி வாடகைக்கு எடுக்கிறோம். கல்யாணத்திற்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு எடுப்பதில்லையா? அதைப் போலத்தான். 2006இல் அமேசான் நிறுவனம் இத்தகைய வாடகைச் சேவையைத் தொடங்கியது. அதே நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தரவு மையங்களை அமைத்துச் சேவையைத் தொடங்கிவிட்டது.

சிறு வணிகர்களுக்கு இதில் பயன்படுவது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். மற்றொன்று, மாதக் கட்டணத்தில் கிடைக்கும் கணக்கு, விற்பனை மென்பொருள்கள். உள்நாட்டு வருமான வாரியத்தின் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறியவர்களையும் எட்டி வந்திருக்கிறது. ஆகவே இணையத்தில் கணக்கு வைத்துப் பழகுவது எப்படியும் நமக்கு உதவும்.

செலவு அதிகமாகுமோ என்று சிலர் தயங்குவார்கள். கூகல் கணக்கு ஒன்றில் 15 கிகாபைட் இடம் இலவசம். கைப்பேசியில் எடுத்த ரசீதுப் படம் ஒன்று அரை மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் ஏறக்குறைய 30,000 ரசீதுகள் அடங்கும். நாளுக்கு 10 ரசீது என்றாலும் 7 ஆண்டுக்கு 25,550தான். மின்னஞ்சலும் குடும்பப் படங்களும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கடைக்கென்று தனிக் கணக்கு திறப்பது நல்லது.

ஆனால் மேகத்தில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையானது. வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் தரவுகளை நிரந்தரமாக இழந்தார்கள். இடத்தைத்தான் வாடகைக்கு எடுக்கிறோம். பொறுப்பு நம்முடையதாகவே இருக்கிறது.

அந்தப் பொறுப்பை மூன்று செயல்களில் அடக்கிவிடலாம்.

முதலாவது, சாவி. கடைக்குக் கணக்கு திறந்து கொடுப்பது பெரும்பாலும் விவரம் தெரிந்த ஊழியரோ, உறவுக்காரப் பிள்ளையோதான். அவர் தம் சொந்த மின்னஞ்சலில் திறந்துவிட்டு வேலையை விட்டுப் போனால், ஏழாண்டுக் கணக்கும் அவரோடு போய்விடும். கணக்கு முதலாளியின் பெயரில், முதலாளியின் கைப்பேசி எண்ணில் இருக்கட்டும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நகல். கணினியும் மேகமும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்போது, இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். எனவே மாதம் ஒருமுறை வெளி வன்தட்டு ஒன்றில் நகல் எடுத்து, கடையில் வைக்காமல் வேறோர் இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, வெளியேறும் வழி. மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன்பே, "நான் விலகினால் என் கணக்கை எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்றார்கள் நம் பெரியவர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இந்த வாரம் கடன் புத்தகத்தை மட்டும் படம் எடுத்து ஏற்றுங்கள். அடுத்த வாரம் ரசீதுகளைத் தொடங்கலாம்.