பிளாஸ்மா எங்கிருந்து வருகிறது?

“பிளாஸ்மா தேவை” என்று மருத்துவர் கூறியதும், அரிமளம் போன்ற ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறவினர்கள் கேட்கும் முதற்கேள்வி, “யாரை அழைத்து வர வேண்டும்?” என்பதே. அவ்வாறு ஓடி வருபவரின் இரத்தம் அந்த நேரத்திற்கு உதவுவது அரிது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, பால்வினை நோயான சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்து பரிசோதனைகளும் முடிந்த பின்னரே அதனைப் பயன்படுத்த இயலும். நோயாளிக்கு அன்று ஏற்றப்படும் பிளாஸ்மா, முகமறியாத ஒருவர் எப்போதோ அளித்தது.

நம் இரத்தத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடு இந்த வைக்கோல் நிறத் திரவம்தான். அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர். எஞ்சிய சிறு பங்கில் இரத்தத்தை உறையச் செய்யும் காரணிகளும், அல்புமினும், நோய் எதிர்ப்புப் புரதங்களும் உள்ளன. கொடையாகப் பெற்ற இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, சில மணி நேரத்திற்குள் உறைய வைத்து, மைனஸ் 30 டிகிரிக்கும் கீழான குளிரில் ஓராண்டு வரை பாதுகாக்கலாம். தட்டணுக்களோ ஐந்து நாட்களே தாங்கும். உறைந்த பையை 37 டிகிரி வெந்நீரில் உருக்கிய பின் 24 மணி நேரத்திற்குள் ஏற்றிவிட வேண்டும்.

பிரசவத்திற்குப் பின் இரத்தப் பெருக்கு நிற்காத தாய், விபத்தில் பெருமளவு இரத்தம் இழந்தவர், கல்லீரல் செயலிழந்து இரத்தம் கசிபவர் ஆகியோருக்கு இது உயிர்காக்கும். உடல் தளர்ச்சிக்கும் சத்துக் குறைவுக்கும் இதனைக் கேட்பவர்கள் உண்டு. பிளாஸ்மா சத்து மருந்தன்று.

கொரோனாக் காலத்தில் இந்த எல்லை சற்று மறக்கப்பட்டது. 2020 ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. குணமடைந்தோர் பலர் மனமுவந்து வழங்கினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், அது நோய் முற்றுவதையோ மரணத்தையோ குறைக்கவில்லை எனத் தெரிந்தது. 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது. கொடுத்தவர்களின் மனத்தில் குறையேதுமில்லை. ஆயினும் நல்லெண்ணம் வேறு, மருந்தின் பயன் வேறு என்பதை அந்த ஆய்வு காட்டியது. அதனை நடத்தியது சரியென்றே கருதுகிறேன்.

பிளாஸ்மாவை மட்டும் பிரித்தெடுத்து, அணுக்களைக் கொடையாளரின் உடலுக்கே திருப்பி அனுப்பும் இயந்திரங்கள் பெருநகர மையங்களில் உள்ளன. அவற்றைத் தேடி அரிமளத்திலிருந்து எவரும் செல்ல வேண்டியதில்லை. வழக்கமான இரத்ததான முகாமே போதும். சேகரிக்க வந்த இரத்த மையத்தில் கூறு பிரிக்கும் வசதி உண்டா என்று மட்டும் கேளுங்கள். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருத்தல் வேண்டும். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் வழங்கலாம். இழந்த பிளாஸ்மா ஓரிரு நாட்களில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரங்களாகும். இரத்தத்திற்குப் பணம் பெறுவது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

“என் இரத்தம் எவருக்கும் சேராது” என்று ஏபி பிரிவினர் சிலர் முகாமிலிருந்து திரும்பிவிடுகின்றனர். அவர்களுடைய சிவப்பணுக்கள் ஏபி பிரிவினருக்கு மட்டுமே பொருந்தும் என்பது உண்மையே. பிளாஸ்மாவில் அக்கணக்கு தலைகீழ்: ஏபி பிரிவினரின் பிளாஸ்மாவை எந்தப் பிரிவினருக்கும் ஏற்றலாம். பிரிவு அறிய நேரமில்லாத அவசரத்தில் நாங்கள் முதலில் தேடுவது அந்தப் பையைத்தான்.