எரிக்கும் நஞ்சும் எரியா நஞ்சும்

சென்ற பருவத்தில் எம் வகுப்பில் மணிமேகலை பாடமாக நடைபெற்றது. மணிமேகலையின் முற்பிறப்பிற் கணவனாயிருந்த இராகுலன் திட்டிவிடம் என்னும் பாம்பினால் உயிர் துறந்தான் என்று அக்காப்பியம் கூறுவதை அன்பர் பலரும் அறிவர். திட்டி என்பது பார்வை. நோக்கிய அளவிலே கொல்லும் நஞ்சுடையது திட்டிவிடம். அன்றிரவு விடுதியில் யாம் இதனை வியந்து பேசிக்கொண்டிருக்க, இரசாயனம் பயிலும் நண்பர் ஒருவர் குறுக்கிட்டு, “பார்வையாற் கொல்வது கிடக்கட்டும். பட்ட பொருளையெல்லாம் எரித்துச் சாம்பலாக்கும் நஞ்சுகள் உங்கள் நூல்களில் வருகின்றனவே, அவற்றை எந்தக் குப்பியில் ஊற்றி வைப்பீர்கள்?” என்று வினவினார். எல்லாரும் நகைத்தனர், யாமும் நகைத்தோம். ஆயினும் அவ்வினா எம்மை விட்டு நீங்கவில்லை. அதற்கு விடை தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

நண்பர் கூறியது மிகையன்று. பாற்கடல் கடைந்த கதையில் எழுந்த ஆலகாலம் உலகங்களைத் தீய்க்கும் நெருப்பாகவே பேசப்படுகின்றது. காளியன் குடியிருந்த மடுவின் நீர் நஞ்சின் வெம்மையாற் கொதித்தது என்றும், மேலே பறந்த புட்கள் அதில் வீழ்ந்து மடிந்தன என்றும் பாகவதம் கூறும். மகாபாரதத்து ஆதிபருவத்தில் தக்ககன் ஓர் ஆலமரத்தைக் கடிக்கின்றான். மரம் அக்கணமே சாம்பராகின்றது. காசியபன் என்னும் அந்தணன் தன் மந்திர வலியால் அதனை மீண்டும் தளிர்க்கச் செய்கின்றான். சுள்ளி பொறுக்க அம்மரத்தின்மேல் ஏறியிருந்த ஒருவனும் உடன் எரிந்து, உடன் பிழைத்தெழுந்து, ஊருக்குச் சென்று நடந்ததைச் சொன்னான் என்னும் பகுதி எமக்கு மிகவும் உவப்பானது. சான்று கூற ஓர் ஆள் வேண்டுமென்று கதை சொன்னவர்க்கே தோன்றியிருத்தல் வேண்டும்.

இக்கற்பனை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கிரேக்கர் கதையில், நச்சுக் குருதி தோய்ந்த ஆடையை அணிந்த எர்க்குலிசின் தசையை அவ்வாடை பற்றித் தின்றது. 1979ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஏலியன்’ என்னும் ஆங்கிலப் படத்தில் வரும் விலங்கின் குருதித் துளி, விண்கலத்தின் தளங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும்.

இவையெல்லாம் கதையென்றே சொல்லப்பட்டவை. கேட்பவரும் கதையென்றே கொள்வர். ஆனால் மெய்யென்று சொல்லப்பட்டு, மெய்யென்றே நம்பப்பட்ட நச்சுக்கதை ஒன்றுண்டு. அதன் களம் மணிமேகலை கூறும் சாவகம் என்று அறிஞர் பலர் கருதும் ஜாவாத் தீவு. அக்கதையை நேரிற் சென்று சோதித்தவரோ பின்னர் எம் புதுவை நகரில் வாழ்ந்தவர்.

1783ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலண்டன் மாத இதழ் ஒன்றில், ஃபோர்ஷ் என்னும் டச்சுக் கம்பெனி வைத்தியர் எழுதியதாக ஒரு வரலாறு வெளிவந்தது. ஜாவாவில் ‘உபாஸ்’ என்றொரு நச்சுமரம் தனித்து நிற்கின்றதாம். அதனைச் சுற்றிப் பதினைந்து பதினெட்டு மைல் தொலைவிற்குப் புல் முளையாதாம். நீரில் மீன் இராதாம். வானிற் பறக்கும் பறவையும் வீழ்ந்துவிடுமாம். மரணதண்டனை பெற்ற குற்றவாளிகளை அம்மரத்தின் பிசினைக் கொண்டுவர அரசன் அனுப்புவானாம். அவர்கள் தோலாற் செய்த முகமூடியணிந்து, காற்று முதுகுப் புறமாக வீசும் நாள் பார்த்துச் செல்வராம். பதின்மரில் ஒருவர் மீள்வதே அரிதாம். இவ்வளவும் கூறி, இடையிடையே எண்ணிக்கைகளையும் பெய்திருந்தார் ஆசிரியர். எண்கள் வந்துவிட்டால் நம்பாதார் யார்? சார்லஸ் டார்வினின் பாட்டனாராகிய எராஸ்மஸ் டார்வின் 1789இல் வெளியிட்ட தம் செய்யுள் நூலில் இம்மரத்தைப் பாடினார். உருசியக் கவிஞர் புஷ்கின் 1828இல் இதனையே பொருளாகக் கொண்டு ஒரு பாட்டு இயற்றினார்.

இனி, எம் ஊர்க்காரராகிய லெஷெனோ தெ லா தூர் என்பவரைக் காண்போம். 1773இற் பிறந்த இப்பிரெஞ்சுத் தாவர நூலறிஞர், போதேன் என்பாரின் தலைமையில் ஆஸ்திரேலியாவை ஆராயப் புறப்பட்ட கப்பலிற் சென்றவர். வழியில் நோயுற்றுத் தங்க நேர்ந்தமையால் 1803இல் ஜாவாவை அடைந்தார். அங்கே உபாஸ் மரத்தைத் தேடிச் சென்று கண்டார். பாழ்நிலத்தில் தனித்து நிற்கவில்லை அது. ஏனைய மரங்களினிடையே, செடிகொடிகள் சூழ, நூறு அடிக்கு மேல் ஓங்கி நின்றது. அடிமரத்திற் பல்லியும் பூச்சியும் ஊர்ந்தன. கிளைகளிற் பறவைகள் அமர்ந்திருந்தன. ஒரு மரத்தை வெட்டச் செய்து, முறிந்த கிளைகளினிடையே அவர் தாமே நடந்தார். பால் கையிலும் முகத்திலும் சொட்டிற்று. உடனே கழுவிக்கொண்டார், தீங்கு ஒன்றும் நேரவில்லை. எனினும் அவர் நேர்மையாளர். மரத்தில் ஏறிய சாவகர் ஒருவர் உடல் வீங்கித் தலைசுற்றிச் சில நாள் வருந்தியதையும், வேறொருவர் உச்சிவரை ஏறியும் நலமாக இறங்கியதையும் சேர்த்தே எழுதிவைத்தார். அவர்தம் கட்டுரை 1810இல் பாரிசில் வெளிவந்தது. 1816இல் அவர் புதுவைக்கு அனுப்பப்பட்டுத் தாவரத் தோட்டப் பணியை ஏற்றார். நீலமலை முதலிய இடங்களிலும் இலங்கையிலும் செடிகளைத் தேடித் திரட்டி, கரும்பு, பருத்தி முதலியவற்றைப் பூர்போன் தீவிற்கு அனுப்பிவைத்து, 1822இல் தாயகம் மீண்டார். இன்று புதுவையிலுள்ள தாவரவியற் பூங்காவில் உலாவச் செல்வோரில் அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

உபாஸ் மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. தமிழில் அதற்கு நெட்டாவில் என்று பெயர். மலைவாழ்நர் அதன் அடித்துண்டைத் தட்டித் தட்டிப் பட்டையை உறைபோலக் கழற்றி, அதனைச் சாக்காக்கி அரிசி இட்டு வைத்தனர். பதினெட்டு மைல் தொலைவைப் பாழாக்கும் மரத்தின் பட்டையில் சோற்றுக்கு அரிசி! அப்படியாயின் அம்மரத்தில் நஞ்சே இல்லையோ எனின், உண்டு. கொடிய நஞ்சே உண்டு. அதன் பாலை அம்பு நுனியில் தடவினால், குருதியிற் கலந்து இருதயத்தைச் சென்று தாக்கும். இருதயத் தசையின் உயிரணுக்களில் உப்புக்களை உள்ளும் புறமுமாக இறைத்துச் சமன் செய்யும் நுண்கருவிகள் உள. அந்நஞ்சு அவற்றைப் பூட்டிவிடுகின்றது. இருதயம் தாளம் தப்பி நிற்கின்றது. எரிதலும் இல்லை, கரைதலும் இல்லை. லெஷெனோ கொண்டுசென்ற மற்றொரு சாவக நஞ்சு, நம் எட்டி மரத்தின் இனமாகிய ஒரு கொடியிலிருந்து எடுக்கப்பட்டது. அதனை 1809இல் பாரிசில் மாஜாந்தி, தெலீல் என்னும் இருவர் விலங்குகளுக்குச் செலுத்தி ஆராய்ந்து, அது முதுகுத் தண்டைத் தாக்கி வலிப்பை உண்டாக்குகின்றது என்று கண்டனர். 1818இல் பெல்லெத்தியேயும் கவாந்துவும் அவ்வினத்து விதைகளிலிருந்து ஸ்டிரிக்னின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். ஒரு நஞ்சு உடலின் எவ்விடத்தைத் தாக்குகின்றது என்று தெளிவாகக் காட்டிய முதல் ஆராய்ச்சிகளுள் அஃது ஒன்று.

ஃபோர்ஷின் பாழ்நிலம் முழுவதும் பொய்யோ எனின், அதற்கும் ஓர் அடிப்படை இருக்கலாம். ஜாவாவின் எரிமலைப் பள்ளங்கள் சிலவற்றில் கரியமில வாயு கசிந்து தேங்கும்; அதனுட் புகுந்த விலங்குகள் மூச்சடைத்து மடியும். 1979 பிப்ரவரியில் டியெங் மலைப்பகுதியில் இவ்வாறு வெளிப்பட்ட வாயுவினால் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட மக்கள் இறந்தனர். அவ்வாயுவிற்கு நிறமில்லை, எரிவும் இல்லை.

இனி நண்பரின் குப்பிக்கு வருவோம். திராவகம் ஒரு பொருளைக் கரைக்கும்போது தானும் செலவழிகின்றது. 100 கிராம் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்க 73 கிராம் உப்புத் திராவகச் சத்து வேண்டும்; கரைத்தபின் அது திராவகமாக இராது. கடையில் விற்கும் கடுந்திராவகத்தின் ஒரு துளி ஏறக்குறைய ஓர் அரிசியளவு கல்லைக் கரைத்துத் தீர்ந்துபோம். ஆகவே தளம் தளமாகத் துளைத்துச் செல்லும் துளி எவ்வுலகிலும் இல்லை. நஞ்சின் இயல்போ வேறு. அஃது உடலைத் தின்பதில்லை. உடலின் பெரும்பணிகளை நடத்தும் சிறு பூட்டுக்களில் தவறான திறவுகோலாய்ப் புகுந்துகொள்கின்றது. அதனால் மிகச் சிறிதளவே போதும். கதை கட்டினோர் நஞ்சின் சிற்றளவையும் திராவகத்தின் பேரழிவையும் ஒரே துளியிற் சேர்த்துவிட்டனர். சென்னைக்கருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில், பாம்பின் நஞ்சைக் கண்ணாடிக் கலத்திலேதான் பிழிந்தெடுக்கின்றனர். கலத்திற்கு ஒன்றும் நேர்வதில்லை. நண்பரின் வினாவிற்கு விடை அதுவே.

கண்ணாடிவிரியன் கடித்த இடம் வீங்கிக் கொப்புளித்துத் தசை அழுகுதல் உண்டு. அந்நஞ்சில் நம் வயிற்றின் செரிமான நீரையொத்த பொருள்கள் இருத்தலே அதற்குக் காரணம். எரிக்கும் நஞ்சு என்னும் எண்ணம் அதனைக் கண்டே பிறந்திருக்கலாம். ஆனால் கட்டுவிரியன் அவ்வாறு செய்வதில்லை. அதன் பற்கள் சிறியன, கடித்த வடு பெரும்பாலும் புலப்படாது, வீக்கமில்லை, எரிச்சலில்லை. இரவில் தரையிற் படுத்துறங்குவோரைக் கடித்துச் செல்லும். கடியுண்டவர் பலர் விழிப்பதே இல்லை. அதன் நஞ்சு நரம்பு தசைக்கு இடும் கட்டளையைத் தடுக்கின்றது. முதலில் இமை தாழும், பின் நா குழறும், இறுதியில் மூச்சிழுக்கும் தசைகள் ஓயும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் எம் சிற்றப்பா திண்ணையிற் பாய் விரித்துப் படுத்திருந்தார். விடியுமுன் வயிற்றுவலி என்று எழுந்தார். கண்ணிமைகள் பாதி மூடியிருந்தன. பாம்பாக இருக்குமோ என்று சிற்றன்னையார் ஐயுற்றார். விளக்கைப் பிடித்துக் காலையும் கையையும் பார்த்தனர், ஒன்றுமில்லை. “விஷமானால் கடிவாய் எரியாதா? வீங்காதா?” என்றார் எம் பாட்டியார். ஊரிற் பெரியோர் இருவரும் அதனையே கூறினர். வாயுவென்று இஞ்சிக் கஷாயம் கொடுத்தனர். அவரால் அதனை விழுங்க இயலவில்லை. கடைவாய் வழியே வழிந்தது. இவ்வாறு இரண்டு மணி நேரம் கழிந்தது.

அப்போது பள்ளிச் சிறுவனாயிருந்த யாமும் விளக்குப் பிடித்து அந்தக் காலில் எரிந்த இடத்தைத் தேடியவருள் ஒருவரே. ஆலகாலமும் தக்ககனும் எம் நெஞ்சிலும் இருந்தன. பால் ஊற்ற வந்த பெண்மணி ஒருவர், தம் தமையன் இவ்வாறே இமை தாழ்ந்து இறந்தான் என்று அலறிச் சொன்ன பின்னரே வண்டி வந்தது. புதுவை மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தபோது அவர்க்கு மூச்சு நின்றுகொண்டிருந்தது. நச்சுமுறி மருந்து செலுத்தி, இயந்திரத்தால் ஆறு நாள் சுவாசம் கொடுத்தனர். மூன்றாம் நாள் மருத்துவர் எம்மை அருகழைத்து, “இவருக்குப் பேச்சும் அசைவும் இல்லையே தவிர, நாம் சொல்வதெல்லாம் கேட்கும், பேசுங்கள்” என்றார். பாட்டியார் பேசவில்லை, அவர் கால்களைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

சிற்றப்பா பிழைத்தார். இன்று கட்டிலிற் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாயினடியிற் செருகி உறங்குகின்றார். இக்கட்டுரைக்காக அவரிடம் சென்று கேட்டோம். இரு கால்களையும் எம் முன் நீட்டி, “எங்கே கடித்ததென்று நீயாவது பார்த்துச் சொல்” என்றார். பகல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தோம். ஒன்றும் தென்படவில்லை.