சிறு துப்பாக்கியும் பெரு அழுத்தமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

ஆவடி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டாங்கிகளே. 1961-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, 1965-இல் விஜயந்தா டாங்கியை உருவாக்கி வெளியிட்டது. அதன் பீரங்கிக் குழலின் உள்விட்டம் 105 மில்லி மீட்டர். அதே ஆவடியில் முகாம் கொண்டுள்ள காவல் படைகளின் அதிகாரிகள் இடுப்பில் அணியும் பிஸ்டலின் உள்விட்டமோ வெறும் 9 மில்லி மீட்டர். அளவு எதுவாயினும் உள்ளே நிகழும் இயற்பியல் ஒன்றே. மூடிய அறையில் மருந்து எரிகிறது, வாயு பெருகுகிறது, அழுத்தம் ஏறுகிறது, குண்டு வெளியே தள்ளப்படுகிறது.

சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்குத் துப்பாக்கியைச் சிறிதாக்கிவிட்டு, தோட்டாவின் அழுத்தத்தை மட்டும் கூட்டினால் சிறிய கருவியிலிருந்து பெரிய ஆற்றலைப் பெறலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். இதற்கு இயற்பியல் தரும் விடையை இக்கட்டுரையில் காண்போம்.

அழுத்தத்தின் அளவு

மோட்டார் காரின் டயரில் உள்ள அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்துள்ள உச்ச வரம்பு 35,000 பவுண்டு. இதே தோட்டாவில் 'பிளஸ் பி' என்ற உயர் அழுத்த வகையின் வரம்பு 38,500 பவுண்டு. அதாவது 10 விழுக்காடு அதிகம். சுழல் துப்பாக்கிகளில் பயன்படும் .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு வரம்பு 17,000. அதன் பிளஸ் பி வகைக்கு 20,000.

இந்த உச்ச அழுத்தம் குண்டு சிறிது தூரம் நகர்வதற்குள்ளேயே, தோட்டா அறையை ஒட்டிய பகுதியில் ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே குழலைக் குறுக்குவதால் அறை தாங்கவேண்டிய சுமை குறைவதில்லை. பெரிய துப்பாக்கி தாங்கும் அதே அழுத்தத்தைச் சிறிய துப்பாக்கியும் தாங்கியே தீரவேண்டும்.

குழல் குறைந்தால் வேகமும் குறையும்

உச்சத்தைத் தொட்ட பின்னும் வாயு விரிந்து கொண்டே குண்டைத் தள்ளுகிறது. விசை செயல்படும் தூரம் அதிகமானால் செய்யப்படும் வேலையும் அதிகம் என்பது நாம் அறிந்ததே. குறுகிய குழலில் அத்தூரம் இல்லை. எஞ்சிய அழுத்தம் பயனின்றி வாய்முனையில் தீச்சுடராகவும் பேரொலியாகவும் வெளியேறுகிறது. ஆகவே சிறு துப்பாக்கியில் உயர் அழுத்தத் தோட்டா செய்வது பெரும்பாலும் புதிய ஆற்றலைச் சேர்ப்பதன்று. குழலைக் குறைத்ததால் இழந்ததில் ஒரு பகுதியை மீட்பதே. இருளில் சுடுபவரின் கண்ணைக் கூசச் செய்யும் சுடர் அந்த மீட்புக்குக் கொடுக்கும் விலைகளுள் ஒன்று.

உதைப்பின் கணக்கு

உந்தம் அழியாது என்ற விதியைக் கொண்டு ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். குண்டின் நிறை 7.5 கிராம், வேகம் நொடிக்கு 360 மீட்டர் என்போம். வாயுவின் உந்தத்தை விட்டுவிட்டால், 900 கிராம் துப்பாக்கி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். உதைப்பின் ஆற்றல் சுமார் 4 ஜூல். துப்பாக்கியின் எடையை 500 கிராமாகக் குறைத்தால் வேகம் 5.4 மீட்டர், ஆற்றல் 7.3 ஜூல். அழுத்தத்தையும் கூட்டிக் குண்டின் வேகத்தை 385 மீட்டராக்கினால் உதைப்பு 8.3 ஜூலுக்கு ஏறும். குண்டின் ஆற்றலில் கிடைத்த ஆதாயம் 14 விழுக்காடு. கை வாங்கும் அடியோ 900 கிராம் துப்பாக்கியைப் போல் இரு மடங்குக்கு மேல். முதல் குண்டு குறி தவறினால் இரண்டாவதைக் குறிவைக்க அதிக நேரம் பிடிக்கும். உயிர் காக்கும் நேரத்தில் அந்த நொடி சிறிதன்று. தவறிய குண்டு வழியே செல்லும் மற்றொருவர் மீது பாயலாம் என்பதையும் மறக்கலாகாது.

தானியங்கி பிஸ்டலில் வேறொரு சிக்கலும் உண்டு. மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் சென்று திரும்பும்போதுதான் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். சிறு பிஸ்டலில் ஸ்லைடு இலேசானது. செல்லும் தூரமும் குறைவு. அழுத்தம் கூடினால் அது அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுகிறது. உள்ளிருக்கும் வில் தோட்டாவை மேலே தள்ளுவதற்குள் திரும்பிவிடவும் கூடும். துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். இலேசான சுழல் துப்பாக்கியிலோ, உதைப்பின் அதிர்ச்சியால் சுடப்படாத தோட்டாக்களின் குண்டுகள் முன்னே நழுவி உருளையைச் சுழலவிடாமல் தடுப்பதுண்டு.

உலோகம் தாங்குமா?

உருளையின் சுவரில் ஏற்படும் தகைவு, அழுத்தத்துக்கும் ஆரத்துக்கும் நேர்விகிதத்திலும், சுவரின் தடிமனுக்கு எதிர்விகிதத்திலும் அமையும். சிறிய சுழல் துப்பாக்கிகள் பலவற்றில் ஆறு அறைகளுக்குப் பதில் ஐந்தே இருப்பதன் காரணம் இதுவே. சிறிய உருளையில் ஆறு அறைகளைக் குடைந்தால் சுவர் மெலிந்துவிடும். ஒருமுறை தாங்கிய உலோகம் எப்போதும் தாங்கும் என்பதும் இல்லை. மீண்டும் மீண்டும் சுமையேறும்போது உலோகம் களைப்படைகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்கிறது. எனவேதான் பிளஸ் பி தோட்டாவைத் தயாரிப்பாளர் அனுமதித்த துப்பாக்கியில் மட்டும், அதுவும் அளவோடு, பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது

பிரிட்டிஷாரின் .455 வெப்லி சுழல் துப்பாக்கிகள் பல, பிற்காலத்தில் அமெரிக்காவில் .45 பிஸ்டல் தோட்டாவை ஏற்கும்படி கடையப்பட்டன. தோட்டா அழகாக நுழைந்தது. ஆனால் அதன் முழு அழுத்தம், அத்துப்பாக்கிகள் சோதிக்கப்பட்ட அழுத்தத்தையே மிஞ்சியது. உருளைகள் வெடித்தன.

1935-இல் .357 மேக்னம் தோட்டாவை உருவாக்கியவர்கள் முன்யோசனையுடன் செயல்பட்டார்கள். .38 துப்பாக்கியில் முழுவதும் நுழைய முடியாதபடி அதன் உறையைச் சிறிது நீட்டிவிட்டார்கள். ஆனால் பிளஸ் பி தோட்டாவுக்கு இந்தத் தடுப்பு இல்லை. அளவு ஒன்றே, அடிப்பாகத்தில் பொறித்த எழுத்து மட்டுமே எச்சரிக்கை.

நம் நாட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1962-ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை பழைய .303 துப்பாக்கியின் அமைப்பை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியது. முன்னதன் அழுத்தம் 49,000 பவுண்டு அளவு; பின்னதன் அழுத்தம் சுமார் 60,000. அங்குள்ள பொறியாளர்கள் அறையைக் கடைந்ததோடு நின்றுவிடவில்லை. மேலும் வலிமையான எஃகைக் கையாண்டார்கள். இஷாப்பூர் 2ஏ என்னும் அந்தத் துப்பாக்கி பல்லாண்டு உழைத்தது.

பொதுமக்களுக்கான உரிமத்தில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட அளவாகும். உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் .32 வகையையே வைத்திருக்கிறார்கள். பெண்களின் தற்காப்புக்கென 2014-இல் கான்பூரில் வெளியிடப்பட்ட 'நிர்பீக்' சுழல் துப்பாக்கியும் .32 வகையே, எடை சுமார் 500 கிராம். .32 நீள் தோட்டாவின் அழுத்த வரம்பு 15,000 பவுண்டு. இலேசான கருவிக்கு மிதமான தோட்டா என்பது இதன் இலக்கணம்.

முடிவாக, சிறு துப்பாக்கியில் உயர் அழுத்தத் தோட்டா கூடவே கூடாது என்பதன்று; அதற்கென்றே வடிவமைத்துச் சோதித்த கருவியில், பழகிய கையில், அதற்கும் இடமுண்டு. ஆனால் ஆற்றல் இலவசமாகக் கிடைப்பதில்லை. குழல் தராததை அறையும், அறை தாங்காததைக் கையும் தாங்கவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு இது முன்பே தெரியும். போடாதவருக்குத் தெரியவரும்போது விரல்கள் மிஞ்சியிருக்கவேண்டும்!