வாப்பிட்டி மானின் இறைச்சி

உதகமண்டலத்தில் ‘எல்க் ஹில்’ என்றொரு குன்று உண்டு. அங்கே எல்க் மான் ஒருகாலத்தும் மேய்ந்ததில்லை. நம் மலைகளில் உலவுவது கடமான்; அதனையே ஆங்கிலேயர் எல்க் என்று அழைத்து வந்தனர். இலங்கையில் நுவரெலியாவில் 1848-ஆம் ஆண்டு குடியேறிய சாமுவேல் பேக்கரும், 1854-இல் வெளியிட்ட தம் வேட்டை நூலில் அப்படியே எழுதினார். அந்நாட்டுத் தமிழர் அதனை மரை என்பர். ஐரோப்பாவிலோ எல்க் என்பது, அமெரிக்கர் மூஸ் என்று சொல்லும் வேறொரு பெரிய மான். வட அமெரிக்காவில் எல்க் எனப்படுவது மூன்றாவதொரு விலங்கு. அதற்கு ஷானி என்னும் பழங்குடியினர் வழங்கிய பெயர் வாப்பிட்டி; வெண்ணிறப் பின்புறம் உடையது என்பது பொருள். இன்று நாம் ஆராயப் போவது இந்த வாப்பிட்டியின் இறைச்சியை மட்டுமே. நான் மரக்கறி உண்பவன். ஆகையால் சுவையைப் பற்றி என் சாட்சியம் செல்லாது. உணவியலைப் பற்றிப் பேச அது தடையாகாது.

வரலாற்றில் ஒரு பெரிய பரிசோதனை தானாகவே நடந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தைக் கடந்து மேலைக் கடலை அடைந்த லூயிஸ், கிளார்க் ஆகிய இருவரின் குழுவினர், 1805-ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து 1806-ஆம் ஆண்டு மார்ச்சு வரை கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தின் அருகே கிளாட்சாப் என்ற மரக்கோட்டையில் தங்கினர். இன்று அவ்விடம் ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறது. குழந்தையொன்று உள்பட அங்கிருந்தோர் 33 பேர். அவர்கள் சுட்டு வீழ்த்தியவை 131 எல்க் மான்களும் 20 சிறு மான்களும் என்று குழுவினருள் ஒருவர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தங்கிய 106 நாள்களில் மழை பெய்யாத நாள்கள் 12 மட்டுமே. ஈரக்காற்றில் இறைச்சி அழுகிற்று; இரவும் பகலும் புகையூட்டியும் முழுதும் காப்பாற்ற முடியவில்லை. கடற்கரையில் சிலரை அமர்த்திக் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர்.

இத்தனை இறைச்சி இருந்தும் அவர்கள் ஏங்கியது கொழுப்புக்காக. கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது என்ற செய்தி கிடைத்ததும், ஜனவரி மாதக் குளிரில் கிளார்க் மலையேறிச் சென்றார். அதற்குள் தில்லமூக் மக்கள் அதனை எலும்புக்கூடாக்கி விட்டிருந்தனர். அவர்களிடம் பேரம் பேசி 300 பவுண்டுத் திமிங்கிலக் கொழுப்பும் சிறிது எண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்பினார். வயிறு நிறைய உண்பவனுக்கு ஏன் இந்த ஏக்கம்?

இதற்குக் கணக்கு விடை சொல்லும். கொழுப்பு நீக்கிய பச்சை எல்க் இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம் புரதம் உண்டு; கொழுப்போ ஒன்றரை கிராமளவே. மாவுச்சத்து இல்லை. கிடைக்கும் ஆற்றல் சுமார் 111 கலோரி. கடுங்குளிரில் உழைக்கும் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 3,000 கலோரி வேண்டுமென்று கொள்வோம். இவ்விறைச்சியை மட்டுமே உண்டால் அவன் 2 கிலோ 700 கிராம் தின்ன வேண்டும். அதிலுள்ள புரதம் 600 கிராமுக்கும் மேல். புரதம் எரியும்போது எஞ்சும் நைட்ரஜனை யூரியாவாக மாற்றி வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அவ்வளவு புரதத்தைச் சமாளிக்க எந்தக் கல்லீரலாலும் இயலாது. கொழுப்பற்ற இறைச்சியை மட்டும் சில நாள்கள் தொடர்ந்து உண்டவர்களுக்குப் பேதி, தலைவலி, சோர்வு, எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி ஆகியவை தோன்றும். வடநாட்டு வேடர்கள் இதற்கு ‘முயல் பட்டினி’ என்று பெயரிட்டனர். முயலின் தசையும் அத்தகையதே. சமவெளிப் பழங்குடியினர் இதனை நன்கறிந்திருந்தனர். இறைச்சியை வற்றலாக்கி, இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பைச் சேர்த்துப் பிசைந்து, சில வேளை காட்டுக் கனிகளையும் கலந்து அவர்கள் செய்து வைத்த பெம்மிக்கன் மாதக்கணக்கில் கெடாது.

சோறோ ரொட்டியோ கிழங்கோ உடன் உண்பவனுக்கு நிலைமை வேறு. அவனுக்கு மேற்சொன்ன குறையே நிறையாகிறது. குறைந்த கலோரியில் நிறைந்த புரதம். தமனிகளுக்கு ஆகாத செறிவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. உடல் எளிதில் ஏற்கும் இரும்புச் சத்து, துத்தநாகம், பி12 வைட்டமின் ஆகியவை நிரம்ப உண்டு. ஆனால் இதில் கொலஸ்ட்ரால் இல்லை என்று சொல்வோரை நம்பவேண்டாம்; பச்சை இறைச்சி 100 கிராமில் 55 மில்லிகிராம் வரை இருக்கிறது. கடையில் அரைத்து விற்கும் எல்க் இறைச்சியிலும் கொழுப்பின் அளவு கூடியிருக்கும்.

சமையலில் நேரும் பிழைகளுக்கும் இந்தக் கொழுப்பின்மையே காரணம். மாட்டிறைச்சியில் தசை இழைகளுக்கிடையே ஓடும் கொழுப்பு உருகி, சற்று அதிகமாக வெந்தாலும் ஈரம் காக்கும். எல்க் தசைக்கு அந்தக் காவல் இல்லை. முதுகெலும்பை ஒட்டிய மெல்லிய தசையைக் கனமான வாணலியில் எண்ணெயோ வெண்ணெயோ இட்டு, இருபுறமும் விரைவாகச் சிவக்கவைத்து எடுத்துவிட வேண்டும். உள்வெப்பம் 63 டிகிரி செல்சியசை எட்டியதும் இறக்கி, மூன்று நிமிடம் ஆறவைத்தல் நன்று. அதற்கு மேல் போனால் தோல் வாரை மெல்லுவது போலாகும். ஓடியாடி உழைத்த தொடையும் தோளும் இதற்கு நேர்மாறு. அவற்றில் இணைப்புத் திசு மிகுதி; நீர்விட்டு மூடி, மெல்லிய தீயில் மூன்று நான்கு மணி நேரம் வேகவைத்தால் அத்திசு கரைந்து கூழாகி, இறைச்சிக்குக் குழைவு தரும். அரைத்த இறைச்சியோ 71 டிகிரி வரை வேகவேண்டும். மேற்பரப்பில் இருந்த கிருமிகள் அரைக்கும்போது உள்ளே புகுந்துவிடுகின்றன அல்லவா? மானின் வெளிக்கொழுப்பை முன்னதாகவே சீவி எறிந்துவிடுவர். அது விரைவில் உறைந்து நாக்கில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காகக் கொன்று குவித்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் எல்க் மான்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவாகவே எஞ்சின. பாதுகாப்பினால் இன்று ஏறத்தாழ பத்து லட்சமாகப் பெருகியுள்ளன. வேட்டையாடிய மானின் இறைச்சியை அங்கே விற்கலாகாது. கடைக்கு வருவது பண்ணையில் வளர்த்தது. நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடமானை வேட்டையாடுவதே குற்றம்.

அமெரிக்க வேடர்களுக்கு இப்பொழுது வேறொரு கவலை உண்டு. 1967-ஆம் ஆண்டு கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதன்முதலில் காணப்பட்ட உருக்கி நோய், 1981-இல் காட்டு எல்க் மானிடமும் கண்டறியப்பட்டது. மூளையைச் சிதைக்கும் இந்நோய்க்குக் காரணம் பாக்டீரியாவோ வைரசோ அன்று. உருக்குலைந்த ஒருவகைப் புரதம். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழிவதில்லை. மனிதருக்குப் பரவியதாக இதுவரை உறுதிப்படவில்லை. எனினும் நோயுற்ற விலங்கை உண்ணலாகாது என்பதே சுகாதார அதிகாரிகளின் அறிவுரை. ஆகவே நோய் பரவிய வட்டாரங்களில் வேடர் பலர் கழுத்து நிணநீர்க் கணுவில் சிறு துண்டை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிவிட்டு, விடை வரும்வரை இறைச்சியைப் பொட்டலமாகக் கட்டி, எந்த மானுக்குரியது என்று சீட்டு ஒட்டி, உறைபெட்டியில் தொடாமல் வைத்திருக்கின்றனர்.