பாதியில் நிற்கும் வீட்டைப் பயன்படுத்திப் புதிய வீடு அமைத்தல்

இடம்பெயர்வதற்கு முன்னர் கட்டத் தொடங்கிய வீடு, பலருடைய காணிகளில் அத்திவாரமாகவோ கூரையில்லாத சுவர்களாகவோ நிற்கிறது. அதனைப் பயன்படுத்தினால் கல், சீமெந்து, கூலி ஆகியவற்றில் ஒரு பகுதி மிச்சமாகும். ஆனால் அன்று திட்டமிட்ட பெரிய வீட்டை இன்று அப்படியே முடிக்க முயன்று கடன்பட்ட குடும்பங்களும் உள்ளன. எனவே முதலில் இரண்டு விடயங்களை அறிந்துகொள்ளுங்கள்: பழைய கட்டடத்தின் எந்தப் பகுதி பாரம் தாங்கும்? கையிலுள்ள பணத்தில் எவ்வளவு இடத்துக்குக் கூரை போடலாம்?

வேலை தொடங்க முன்

உங்கள் காணி கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதியில் உள்ளதா எனக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். இடிபாடுகளிலோ கிணற்றிலோ பற்றைக்குள்ளோ சந்தேகமான பொருளைக் கண்டால் தொட வேண்டாம். அருகில் தீ மூட்ட வேண்டாம். வந்த வழியே திரும்பிச் சென்று அறிவியுங்கள்.

வீட்டுத்திட்ட உத்தியோகத்தர் பார்வையிட முன்னர் எதனையும் இடிக்க வேண்டாம். சேதத்தின் அளவைப் பொறுத்தே உதவி தீர்மானிக்கப்படும். உதாரணமாக, 2012இல் உரிமையாளரே கட்டும் முறையில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்தத்துக்கு 250,000 ரூபாவும் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டன.

பழைய கட்டடத்தைப் பரிசோதித்தல்

• அத்திவாரம்: மூலைகளில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். அடியில் மண் அரித்துள்ளதா, ஒரு பக்கம் தாழ்ந்துள்ளதா என நீர்மட்டக் குழாயால் அளந்து பாருங்கள்.

• சுவர்: தூக்குக்குண்டு பிடித்துச் சாய்வைப் பாருங்கள். சாய்ந்த சுவரையும், அத்திவாரம் வரை வெடித்த சுவரையும் அகற்ற வேண்டும். ஆல், அரசு வேர்கள் புகுந்த பகுதியை வேருடன் எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

• தூண், லின்டல்: சுத்தியலால் தட்டும்போது பொள்ளலான சத்தம் கேட்டால் உள்ளே பழுது இருக்கலாம். தீப்பட்டு இளஞ்சிவப்பு நிறமான கொங்கிறீட்டின் மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

• கம்பி: வெளியே நீட்டி நிற்கும் கம்பிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். மேலோட்டமான துருவால் பாதிப்பில்லை. செதிலாக உரிந்து மெலிந்திருந்தால், நல்ல கம்பி தெரியும்வரை கொங்கிறீட்டை உடைத்து அங்கிருந்து புதிய கம்பியை இணைக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் கம்பியாயின் இரண்டும் குறைந்தது 2 அடி நீளத்துக்குச் சேர்ந்திருக்க வேண்டும்.

இவற்றை மேசன் மட்டுமன்றி, தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும்.

வீட்டைத் திட்டமிடல்

அத்திவாரம் பெரிதாக இருப்பதால் வீடும் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து அறைகளுக்கு அத்திவாரம் இருந்தாலும், உறுதியான பக்கத்தில் இரண்டு அறைகளையும் சமையலறையையும் முதலில் முடியுங்கள். மீதி அத்திவாரத்தைத் திண்ணையாகவோ முற்றமாகவோ பயன்படுத்தலாம். அரைச் சுவர்களுடன் ஐந்து அறைகள் இருப்பதைவிட, கதவும் கூரையும் உள்ள இரண்டு அறைகள் குடும்பத்துக்குப் பாதுகாப்பானவை.

பின்னர் சேர்க்கப்போகும் அறைக்கான வாசல் எங்கே வரும் என்பதை இப்போதே தீர்மானித்து, அந்த இடத்தில் லின்டலைப் போட்டுவிட்டுக் கீழே கல்லால் அடைத்து வையுங்கள். பிறகு சுவரை உடைக்கும் செலவு குறையும்.

பழைய அத்திவாரத்தின் மேல் எழும் புதிய சுவரைப் பழைய சுவருடன் பல்லுவிட்டுப் பிணைத்துக் கட்டுங்கள். வெறுமனே ஒட்டி நிறுத்தினால் சில காலத்தில் அந்த இடம் வெடிக்கும். முழு வீட்டையும் சுற்றிவரும் லின்டல் பீம் ஒன்று பழைய, புதிய சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும். கொங்கிறீட்டைக் குறைந்தது 7 நாட்கள் ஈரமாக வைத்திருங்கள்.

வடக்கு, கிழக்கில் பெருமழை ஒக்டோபர் மாதமளவில் தொடங்கும். அதற்கு முன்னர் கூரை வேலை முடியும் வகையில் வேலைகளை ஒழுங்குபடுத்துங்கள். சுவர்ப் பூச்சு, நிலம், வர்ணம் ஆகியவற்றைக் கூரையின் கீழ் இருந்துகொண்டே பணம் கிடைக்கும்போது செய்யலாம்.