வரவேற்பறை பிரிண்டரும் பழைய மடிக்கணினியும்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. நன்றாக ஓடும் மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸுக்கு மாறிய வீடுகள் உண்டு. எல்லாம் சுமுகமாகத்தான் போகும். மறுநாள் பள்ளிக்குப் பயிற்சித்தாள் வேண்டும் என்று பிள்ளை இரவு பத்து மணிக்குச் சொல்லும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும். வரவேற்பறையில் இருக்கும் வைஃபை பிரிண்டர் இந்தக் கணினியோடு பேசுமா?

பெரும்பாலும் பேசும். பெட்டியோடு வந்த குறுந்தட்டைத் தேடி அலமாரியைக் கலைக்க வேண்டாம்.

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அச்செடுப்பது ஒரு காலத்தில் பெரும்பாடு. ஒரு வகையில் ஒரு கட்டளை, இன்னொரு வகையில் வேறு கட்டளை. மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997இல் எழுதத் தொடங்கிய 'கப்ஸ்' மென்பொருள் இரண்டையுமே ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளில் அதையே பயன்படுத்தி, 2007இல் அதன் மூல நிரலையும் வாங்கியது. விலை உயர்ந்த மேக்கிலும் உங்கள் பழைய கணினியிலும் அச்சு வேலையைப் பார்ப்பது ஒரே சரக்குதான்!

உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டிலும் கப்ஸ் ஏற்கெனவே இருக்கும். முதலில், அச்சிடும் சாளரத்தைத் திறந்து பாருங்கள். ஏர்பிரிண்ட் வசதியுள்ள பிரிண்டர் என்றால், பெயர் தானாகவே பட்டியலில் வந்திருக்கலாம். வராவிட்டால், உலாவியின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி இட்டு, 631 என முடியுங்கள். கப்ஸின் பக்கம் திறக்கும். அதில் நிர்வாகப் பகுதிக்குப் போய்ப் பிரிண்டரைச் சேர்க்கலாம். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால், கணினிக்குள் நுழையப் பயன்படுத்துவதையே கொடுங்கள். மாடலைக் கேட்கும் இடத்தில் 'ஐபிபி எவ்ரிவேர்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். தனி டிரைவர் வேண்டாம்.

பட்டியலில் பிரிண்டரே இல்லையா? கணினி விருந்தினர் வைஃபையிலும் பிரிண்டர் வீட்டு வைஃபையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் ஒன்றை ஒன்று காணாது.

சில வாரம் ஒழுங்காக அச்சிட்டுவிட்டுத் திடீரென மௌனமாகிவிடும் பிரிண்டரைத்தான் பலர் 'கெட்டுப்போச்சு' என்று கடைக்குத் தூக்கிப்போகிறார்கள். ஐபி எண்ணைக் கொடுத்துச் சேர்த்திருந்தால், முதலில் ரவுட்டரைச் சந்தேகியுங்கள். அது தரும் எண் இரவல்தான். மின்சாரம் போய்வந்தால் மாறிவிடலாம். கணினியோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்பில் அந்த எண்ணைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கி வைத்துவிடுங்கள். பிறகு கப்ஸ் பக்கத்தில் பிரிண்டர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், மீண்டும் தொடங்கும்படி அங்கேயே சொல்லலாம். வரிசையில் தேங்கிக் கிடக்கும் பழைய தாள்களை மட்டும் முதலில் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் போன வாரத்துப் பயிற்சித்தாளும் சேர்ந்து வரும்.